கன்னத்தில் தேய்த்த இலை

நெற்பயிரின் இலை ஒன்றைக் கிள்ளிக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறார் புழுக்காரர். சொரசொரவென்று கீறினால் முகம் மலரும். வழவழவென்று இருந்தாலோ, அன்றைக்கு யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கன்னத்துக் கீறல்களைப் பார்த்து, வீட்டில் பூனை வளர்க்கிறாரா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு.

அவர் வளர்ப்பது நெல்தண்டைத் துளைத்துத் தின்னும் குருத்துப்பூச்சியின் புழு. ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடிக் குடிலில் அவற்றுக்குத் தீனி போட்டு, சிலிக்கான் உரம் வைத்த தொட்டிப் பயிரில் விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் உத்தியோகம். பயிர் அந்தச் சிலிக்கானை உறிஞ்சித் தோலை இறுக்கிச் சொரசொரப்பாக்கிக்கொள்ளும். கடிக்கிற புழுவுக்குப் பல் தேயும். "நம்ம பசங்க பாவம், சோத்துல கல்லு" என்பார். ஒன்றைக்கூட நசுக்கியதில்லை. தப்பி ஓடியதையும் தூரிகையால் அள்ளி டப்பாவில் விடுகிற மனிதர்.

இன்று நிற்பது அக்காவின் வயலில். போன பருவத்தில் மருந்தடிக்கும்போது மாமா வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். பிழைத்ததே பெரும்பாடு. "இனிமே விஷம் வேணாம்க்கா. சிலிக்கான் போடு, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தவர் இவர்தான். இப்போது குருத்துப்பூச்சியின் அந்து வந்து முட்டையிட்டு, புழுவும் பொரிந்துவிட்டது. மாமா யார் சொல்லியும் கேட்காமல் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"உன் பேச்சக் கேட்டுட்டுப் பயிரப் பறிகொடுக்க முடியுமா?"

"கொஞ்சம் பொறுங்க மாமா."

அக்கா மருந்து தெளிக்க விடாமல் தெளிப்பானின் குழாயை இறுகப் பிடித்திருக்கிறாள்.

புழுக்காரருக்குப் பயமாகத்தான் இருக்கிறது. தொட்டியில் பலித்தது வயலிலும் பலிக்கும் என்று எவன் எழுதிக் கொடுத்தான்? ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் பிளக்கிறார். உள்ளே துளையில்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. அடுத்ததில், தண்டைச் சுற்றிய இலைமடிப்புக்கு வெளியே ஒரு புழு. மேல்தோலைச் சுரண்டிச் சுரண்டி, உள்ளே போக மாட்டாமல் மெலிந்து கிடக்கிறது.

"பாருங்க மாமா, நுழைய முடியல. இப்படி வெளியவே சுத்துனா சிலந்தி புடிச்சுக்கும்."

மாமா குனிந்து பார்க்கிறார். தோள்வாரை இன்னும் கழற்றவில்லை. "சிலந்தி வரலன்னா?"

பழக்கத்தில் புழுக்காரரின் கை சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுக்கிறது. புழுவைப் பார்க்கிறார். குழாயை விடாத அக்காவின் கையைப் பார்க்கிறார். தூரிகையைத் திரும்பப் பையில் செருகிவிட்டு, கட்டைவிரலால் புழுவை நசுக்குகிறார்.