ஐந்து யுத்தங்களும் நோபல் பார்க்கில் ஒரு சாப்பாடும்

சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குக் காரில் போவதைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எந்த வழி நல்லது, எங்கே தங்கலாம், பிள்ளைகளுக்கு வழியில் என்ன காட்டலாம் என்று. அந்த வீதியில் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதல் பயணம்தான் முன்னுக்கு வந்து நிற்கிறது. 1977 ஒக்ரோபர். காரில் மூன்று பேர்: ஓர் அமெரிக்கத் தகப்பன், அவரோடு பேசாத மகன், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு யாழ்ப்பாணத்தான். அந்த யாழ்ப்பாணத்தான் நான்.

மகனின் பெயர் டான். பரமட்டாவில் நான் வேலை செய்த அலுவலகத்தில் கட்டட வரைபடங்கள் வரைபவன். ஒரே பிளாட்டில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். என்னுடைய மீன்குழம்பைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவான், வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வியட்நாம் யுத்தத்துக்கு வரச்சொல்லி அரசாங்கக் கட்டளை வந்தபோது, போக மறுத்துப் பத்தொன்பது வயதில் சிட்னிக்கு ஓடிவந்தவன். அப்போது ஆஸ்திரேலியாவும் அதே யுத்தத்தில்தான் நின்றது. ஒளிவதற்கு இதைவிட நல்ல நாடு கிடைக்கவில்லையா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

அந்த வருஷத் தொடக்கத்தில் புதிய அமெரிக்க ஜனாதிபதி, யுத்தத்துக்குப் போக மறுத்தவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். அரசாங்கம் மன்னித்துவிட்டது, வீட்டில் தகப்பன் மன்னிக்கவில்லை. டான் போன் எடுத்தால் தாய்தான் பேசுவார். அப்படியிருக்க, தகப்பன் வருகிறார் என்று செப்டெம்பரில் தாய் சொன்னார். டானைப் பார்க்க அல்ல, இடங்களைப் பார்க்க.

என்ன இடங்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் அமெரிக்காவின் யுத்தம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். டானின் தகப்பன் வோல்டர், அவருடைய கொள்ளுத்தாத்தா உள்நாட்டு யுத்தத்தில். பாட்டன் ஸ்பானியரோடு நடந்த யுத்தத்தில், கியூபாவில். வோல்டரின் தகப்பன் முதலாம் உலக யுத்தத்தில், பிரான்சில். வோல்டர் இரண்டாம் உலக யுத்தத்தில், பசிபிக் தீவுகளில். வோல்டரின் மூத்த மகன், டானின் அண்ணன் ஜிம் வியட்நாமில். இவர்களில் இருவர் ஆஸ்திரேலிய மண்ணை மிதித்தவர்கள். வோல்டருடைய படைப்பிரிவு 1943இல் மெல்பேர்ணில் ஓய்வுக்காகத் தங்கியது. ஜிம் 1969இல் ஐந்து நாள் விடுமுறையில் சிட்னிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனான். இரண்டு மாதத்தில் செத்துப்போனான்.

"நீயும் வா. நாங்கள் ரெண்டு பேரும் தனியக் காரில போனால் ஒராள்தான் திரும்பி வரும்," என்றான் டான். அவன் பேசியது ஆங்கிலம்தான். தகப்பனும் மகனும் சொன்னவை என் நினைவில் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்திருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் "வாங்கோ அங்கிள்" என்று கை நீட்டினேன். எங்கள் வழக்கப்படி சிநேகிதனின் தகப்பனை வேறெப்படிக் கூப்பிடுவது? ஐம்பத்தைந்து வயது, ஆறடிக்கு மேல் உயரம், கத்தரித்த நரைமுடி. "எனக்கு உம்மை முன்பின் தெரியாதே," என்றார். கோபமில்லை, தகவல்தான். டானுக்குத் தலையை மட்டும் அசைத்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு பார்க்கும் பிள்ளைக்கு அவ்வளவுதான். 

முதல் நாள் கிங்ஸ் குறொஸ். விடுமுறைக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கிக் குடித்துக் கூத்தடித்த இடம். மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஜிம் தங்கிய ஹோட்டலின் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, அவனுடைய படைப்பிரிவு, கொம்பனி, கிடைத்த பதக்கம் எல்லாவற்றையும் வோல்டர் ஒப்பித்தார். பிறகு தன்னுடையது, தகப்பனுடையது, பாட்டனுடையது. எங்கள் ஊரில் கலியாணம் பேச வருகிறவர்கள் பரம்பரை சொல்வார்களே, அப்படி. கொள்ளுத்தாத்தாவுக்குக் குண்டு பட்டது எந்தத் தொடையில் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. டான் கொஞ்சத் தூரத்தில் நின்று சிகரெட் பிடித்தான்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு என்னுடைய பழைய ஹோல்டன் காரில் பரமட்டாவிலிருந்து புறப்பட்டோம். ஹியூம் நெடுஞ்சாலை அப்போது பெரும்பாலும் ஒற்றை வழிதான். ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டினால் மாட்டியதுதான். கோல்பேர்ன் தாண்டி இடதுபக்கம் திரும்பிக் கன்பராவுக்குப் போனோம், ஏறக்குறைய 290 கிலோமீற்றர். இரண்டாம் யுத்தத்தில் உதவிய அமெரிக்காவுக்கு நன்றி சொல்ல அங்கே உயரமான தூண் ஒன்று எழுப்பி, உச்சியில் கழுகை வைத்திருக்கிறார்கள். நிமிர்த்திய இறக்கைகள் தூரத்திலிருந்து பார்க்கையில் இரண்டு காதுகள் மாதிரித் தெரியும். "முயலை ஏன் வைச்சிருக்கினம்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். டான் சிரிப்பை அடக்க வேறுபக்கம் திரும்பினான். வோல்டரும் திரும்பியதைக் கண்டேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரவு ஒல்பரியில் மோட்டல். மூன்று கட்டில் உள்ள அறை, பதினெட்டு டொலர். அடுத்த நாள் மத்தியானம் தாண்டி மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், ஒல்பரியிலிருந்து 310 கிலோமீற்றர் சொச்சம்.

அந்த மைதானம் எனக்குக் கோயில். யாழ்ப்பாணத்தில் வானொலிப் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கனவுகண்ட இடம். யுத்தக் காலத்தில் அதை இராணுவத்துக்குக் கொடுத்திருந்தார்களாம். வோல்டர் வாரக்கணக்காக அதன் பார்வையாளர் வரிசையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்! காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும் எங்களை உள்ளே விட்டார். நான் குனிந்து புல்லைத் தொட்டுக் கும்பிட்டேன். வோல்டர் தான் படுத்த இடத்தைத் தேடினார். அந்தப் பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். எங்கே என்று தெரியாமல் ஒரு வெறும் கதிரையில் போய் இருந்தார்.

"என்ரை அப்பாவுக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு ஜிம்," என்றார். டானைப் பார்க்கவில்லை. "அதோட முடிஞ்சுது."

டான் காருக்கு நடந்தான். மறுநாள் மாலை தகப்பனுக்கு விமானம். இவ்வளவு தூரம் வந்தும் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வசனம் பேசவில்லை. இப்படியே ஏற்றி அனுப்பினால் இனி இந்தப் பிறவியில் பேசப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இரவு தங்க ஒழுங்குசெய்திருந்தது நோபல் பார்க்கில், தங்கம் அன்ரி வீட்டில். அன்ரி எங்கள் ஊர்க்காரி. பக்கத்து ஊரான டண்டினொங்கில் ஆஸ்பத்திரித் தாதி. வீடு நகரத்திலிருந்து தென்கிழக்கே இருபத்தைந்து கிலோமீற்றர். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அன்ரியின் தமையன் ஊரில் காலமாகித் தந்தி வந்திருக்கிறது. அன்று எட்டாம் நாள். சாவுத் தீட்டு உள்ள துடக்கு வீட்டுக்கு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்துவிட்டேனே என்று வாசலில் தயங்கினேன்.

"ஏன் நிக்கிறாய்? களைச்சுப்போய் வந்திருக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ," என்றார் அன்ரி.

வோல்டர் களைத்துத்தான் போயிருந்தார். அறையைக் காட்டியதும் படுத்துவிட்டார். அவரிடம் ஒன்றும் விளக்கவில்லை. அங்கேதான் பிழைவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைத்துப் படைப்போம். சைவமா, மீன் இறைச்சி சேர்ந்த மச்சமா என்ற பேச்சில்லை. அவர் ஆசைப்பட்டதுதான் கணக்கு. அன்ரியின் தமையனுக்குப் பொரித்த மீன், முட்டைப் பொரியல், இறால் குழம்பு, அரைக் கிளாஸ் பிரண்டி. சுருட்டு டண்டினொங்கில் கிடைக்காததால் ஒரு சிகரெட் பக்கற். தட்டில் போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போவதற்கு நேரம் கொடுக்கத்தான்.

அன்ரி, டான், நான் மூவரும் பின்வளவுப் புல்லில் நின்றோம். பொழுதுபடுகிற நேரம். கொஞ்சம் பொறுத்து அன்ரி கதவைத் திறந்தார். "ஐயோ என்ரை அண்ணை!" என்று கத்தினார்.

மேசையில் வோல்டர் இருந்தார். நித்திரையால் எழும்பி வந்திருக்கிறார். வீட்டில் ஒரு சனமில்லை, மேசையில் ஒருவருக்கு மட்டும் சாப்பாடு, பிரண்டி வேறு. விருந்தாளிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மீன் முள்ளாகிவிட்டது. கிளாஸ் காலி. சிகரெட்டும் பற்றவைத்துவிட்டார். "நல்ல ருசி," என்றார் எழுந்து நின்று மரியாதையாக.

யார் விளக்குவது? நான்தான் விளக்கினேன். அந்தப் பெரிய மனுஷனின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சிகரெட்டை அணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், திரும்பவும் கேட்டார். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கிவிட்டார். "விடுங்கோ. அண்ணைக்கும் தனியச் சாப்பிட விருப்பமில்லை. நல்ல துணையாத்தான் இருந்திருப்பியள்." நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

வோல்டர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "என்ரை மகனுக்கும் இப்பிடி வைக்கலாமோ?" என்று கேட்டார். "செத்து எட்டு வருஷமாச்சு."

"ஓம், அதுக்கென்ன. என்ன விருப்பம் பிள்ளைக்கு?" என்றார் அன்ரி.

"மாட்டிறைச்சி ஸ்ரேக். பியர்," என்றார் வோல்டர்.

"இல்லை," என்றான் டான். "அவனுக்குப் பியர் பிடிக்காது. உங்களோட இருக்கேக்க மட்டும் குடிப்பான். ஸ்ரேக்கும் அப்பிடித்தான்."

வோல்டர் மகனை நேராகப் பார்த்தது அப்போதுதான். "அப்ப என்ன பிடிக்கும்?"

"தக்காளிச் சூப். சீஸ் வைச்சுப் பொரிச்ச பாண். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் செய்து சாப்பிடுவம்."

அன்ரி பிரெட், சீஸ், சூப் டின் தேடிக் குசினிக்குள் போய்விட்டார். டின்னில் வந்த சூப்புக்கும் கொஞ்சம் மிளகுத்தூள் போட்டார். யார் தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டார். தட்டை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் வெளியே வந்து நின்றோம். இந்த முறை ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன்.

புல்லில் நின்றபடி டான் தானாகவே சொன்னான். "ஜிம் சிட்னியில இருந்து போன் எடுத்தவன். நீங்கள் வேலையில. இஞ்சை சனம் கடற்கரையில சும்மா இருந்து சாப்பிடுதுகள், ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் போகேல்லை எண்டான். உனக்கும் யுத்தத்துக்கு வரச்சொல்லிக் கடதாசி வந்தால் நான் நிக்கிற இடத்துக்கு வராதை, இஞ்சை வா எண்டான். அப்பாட்டைச் சொல்லாதை, என்னை நினைச்சு வெக்கப்படுவார் எண்டான். அதுதான் சொல்லேல்லை."

எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் பழியைச் சுமந்திருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை. வோல்டர் கத்துவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "குரல் எப்பிடி இருந்தது?"

"சிரிச்சவன்," என்றான் டான்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். படைத்ததை வீட்டுக்காரர் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்று அன்ரி சொன்னதை மொழிபெயர்த்தேன். வோல்டர் பாணை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை டானிடம் நீட்டினார். இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். நான் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவினேன், அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

இதே பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இப்போது ஹியூம் முழுக்க இரட்டை வழி, மெல்பேர்ணுக்கு ஒன்பது மணித்தியாலம் போதும். ஆனாலும் ஒல்பரியில் ஒரு இரவு தங்குங்கள். கன்பராக் கழுகைக் கட்டாயம் பாருங்கள், முதலில் தூரத்திலிருந்து. கிரிக்கெட் மைதானத்துக்கு இப்போது காசு கட்டிச் சுற்றிப் பார்க்கும் வசதி உண்டு. ஆட்டமில்லாத நாளில் போங்கள். குடும்பத்தில் யுத்தத்துக்குப் போனவர்களின் தடம் தேடுகிறவர்கள், படைப்பிரிவு இலக்கங்களுக்கு ஆவணக் காப்பகங்களைக் கேட்கலாம். மற்றதையெல்லாம் உயிரோடு இருப்பவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள்.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் மாலை வோல்டரை விமானம் ஏற்றினோம். புறப்படுமுன் நான் கார் எடுக்கப் போனபோது தகப்பனும் மகனும் அன்ரி வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் தனியே நின்றார்கள். பிறகு நானும் டானும் சிட்னிக்குத் திரும்பினோம். பெட்ரோலுக்கு, போகவர நாற்பது டொலர் அளவில் முடிந்தது. மெல்பேர்ணிலிருந்து நூறு கிலோமீற்றரில் உள்ள சீமூர் ஊரைத் தாண்டினோம்.

"அப்பா ஒண்டு கேட்டவர்," என்றான் திடீரென்று. "உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், அதுவும் எனக்குத் தெரியாது எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வீட்டை வந்து சொல்லு எண்டார்."