மெழுகு பூசிய தோட்டாக்கள்

மாதா கோயிலில் பூசை முடிந்து, பணிவிடை பார்க்கும் கோயில்பிள்ளை பீடத்து மெழுகுவர்த்திகளை அணைத்தார். அணைந்த திரியின் வாசனை மூக்கில் ஏறியதும், எழுந்தவள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது அப்பாவின் வாசனை.

அப்பா எஸ்டேட் காவலாளி. காட்டுப்பன்றிகளை விரட்ட எஸ்டேட் துப்பாக்கி அவரிடம் இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவுக்குக் காகித உறை. ஏற்காட்டுப் பனியில் அது ஊறி உப்பிவிட்டால் குழலுக்குள் போகாது. அதனால், கோயிலைக் கூட்டிப் பெருக்கிய அம்மா கொண்டுவரும் மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார். காவலுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு தோட்டாவையும் துணியால் துடைத்து, மேலே மெழுகு தேய்ப்பார். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டி எடுப்பார்.

மழை வந்தால் தன் ரப்பர் கோட்டைக் கழற்றித் தோட்டாப் பைக்குச் சுற்றிவிடுவார். அம்மா திட்டுவாள்.

"நா நனஞ்சா ஊட்டுக்கு வந்து காஞ்சுக்குவேன் புள்ள. இது நனஞ்சா வெடிக்காது" என்பார் அப்பா.

ஓர் ஐப்பசியில் அப்படித்தான் தொப்பலாக நனைந்து வந்தார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் துப்பாக்கியை வாங்கிப்போக எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்தார். பையைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட நனையலீங்க. நொம்பப் பக்குவமா வெச்சிருக்காரு."

அம்மா துணிக்கொடிப் பக்கம் திரும்பினாள். நனைந்து வந்த அன்று அப்பா போட்டிருந்த சட்டை பனிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவரு சட்டைதானுங்க இன்னும் காயல" என்றாள்.