ஒன்றரை நம்பர்

ஒரு காலைப் பார்த்த மாத்திரத்தில் அதன் அளவைச் சொல்லிவிடுவாள் என் அக்கா. ஐஸ் அரங்கத்து வாசலை ஒட்டி, சறுக்குக் காலணிகளை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை. வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே, குதிகாலில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதிய நீல ஜோடி ஒன்று பலகைமேல் வந்து விழும். ஈரக் காலுறைகளும் காலணிக்குள் அடிக்கும் மருந்தின் நெடியும்தான் இன்று அவளுடைய உலகம். பதினைந்து வயதுவரை அது வேறாக இருந்தது.

அப்பா அதே அரங்கத்தில் ஐஸை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவர். அந்தச் சலுகையில் அக்கா ஏழு வயதில் ஐஸில் கால் வைத்தாள். ஒன்பதில் வட்டாரப் போட்டியில் முதலிடம். பதினொன்றில், பயிற்சி கொடுத்த மாஸ்டர் அவளை, பையன் பெண்ணைத் தூக்கியும் வீசியும் ஆடும் ஜோடிப் பிரிவுக்கு மாற்றினார். கூட ஆடிய பையனுக்குக் கழுத்து நீளம், அதனால் எல்லோருக்கும் அவன் ஒட்டகம். எப்படி வீசினாலும் காலில் வந்து நிற்பாள் என்பதால் அக்கா பூனை. ஒட்டகமும் பூனையும் மூன்று வருடத்தில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கினார்கள். அடுத்தது தேசியப் போட்டி. அதில் ஆட வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமைதோறும் மாஸ்டர் எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றி, எண்ணை அவரே உரக்கப் படிப்பார்.

"நாப்பத்தேழு புள்ளி நாலு. பூனைன்னு பேரு வெச்சோம், யானை வந்து நிக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். ஒட்டகம் இடுப்பில் கைவைத்து முனகிக் காட்டி இன்னொரு சிரிப்பை வாங்கிக்கொள்வான். அக்கா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். எடை நின்றது. உயரம் நிற்கவில்லை.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். "உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா கையில ஒரு ஆள் வேணும். தங்கச்சிக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடு."

நானும் அக்கா பின்னாலேயே ஐஸுக்கு வந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தவள்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, முப்பத்தொரு கிலோ.

அக்கா எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். "மேல தூக்கும்போது அவன் மூஞ்சியப் பாக்காத, சிரிப்பு வந்துடும். எதிர்ச் சுவத்துக் கடிகாரத்தப் பாரு. கையப் பிடிக்காதடி, அழுத்து. நீதான் அவனைத் தாங்குறன்னு நெனச்சுக்க."

முதல் வாரத்திலேயே, அக்கா குளிக்கும் நேரமாகப் பார்த்து, அம்மா என்னை நிற்கவைத்து அளவெடுத்தாள். அம்மா தையல் கடையில் துணிகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கிறவள்.

"அக்காகிட்ட மூச்சு விடாத. போட்டிக்கு நீதான்னு மாஸ்டர் முடிவு பண்ணிட்டாரு. தெரிஞ்சா அவ சொல்லிக்குடுக்க மாட்டா."

நான் மூச்சு விடவில்லை. தலைக்கு மேல் தூக்கும் அந்தக் கடைசிப் பகுதி எனக்கு இன்னும் பிடிபடாமல் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம். அம்மாவின் மடியில் அக்காவின் சிவப்புப் போட்டி உடை கிடந்தது. இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவே இளைச்சிருக்கேனாம்மா? பார்த்தாலே தெரியுதா?"

அம்மா ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா உடையை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஜிப் பாதி முதுகில் நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இழுத்து விடுடி" என்றாள். நான் இழுத்தேன்.

"கழட்டு, தையல் விட்டுடும்" என்றாள் அம்மா. "அது அவளுக்கு."

அக்கா திரும்பவில்லை. என் விரல்கள் ஜிப்பிலேயே இருந்தன.

"எப்பலேர்ந்துடி தெரியும்?"

"மூணு வாரமா."

"நேத்தும் தெரியுமா?"

முந்தின நாள்தான் அவள் மாஸ்டருக்கும் தெரியாத ஒன்றை என்னிடம் சொல்லியிருந்தாள். ஒட்டகத்தின் இடது மணிக்கட்டு வலுவில்லாதது. அது நடுங்க ஆரம்பிக்கும் முன்பே பாரத்தை வலது பக்கம் மாற்றிவிட வேண்டும்.

"ம்" என்றேன்.

உடையைக் கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி அம்மாவிடம் கொடுத்தாள். "இடுப்புல இன்னும் அரை இஞ்ச் பிடிக்கணும்."

தேசியப் போட்டியில் ஒட்டகத்துக்கும் எனக்கும் மூன்றாமிடம். மணிக்கட்டு நடுங்கியது, நான் பாரத்தை மாற்றினேன். "இதெல்லாம் பிறவியிலயே வரணும்" என்று மாஸ்டர் வந்தவரிடமெல்லாம் சொன்னார். என் காலணியின் அடியிலுள்ள கத்திகளுக்கு மாட்டும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றாள்.

பத்தாவது முடித்ததும் அக்காவுக்குக் கவுண்டர் வேலை கிடைத்தது. திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளின் கால்களை மாதக்கணக்கில் பார்த்ததில் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். முதலில் கால் வளர்கிறது, உடம்பு ஆறு மாதம் கழித்துப் பின்னாலேயே வருகிறது. இது மாஸ்டரின் காதுக்குப் போனது. புதிதாக வரும் சிறுமிகளை முதலில் கவுண்டருக்குக் கூட்டிவர ஆரம்பித்தார்.

"இவ எப்படி?"

அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். "வேணாம் மாஸ்டர். நெடுநெடுன்னு போயிடுவா."

அப்படிச் சொன்ன பிறகும் ஒரு எட்டு வயதுக் குழந்தை குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஐஸுக்குப் போயிருக்கிறேன்.

எனக்குப் பதினான்கு முடிந்தபோது காலணி கடிக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. காலுறையை மெல்லியதாக மாற்றினேன். இரண்டு நகங்கள் கறுத்து விழுந்தன. எடை ஏறவில்லை, உடையும் பொருந்தியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை, குதித்து இறங்கும்போது மூன்று முறை வழுக்கி விழுந்தேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்துக் கவுண்டருக்கு நடத்தினார்.

"இவளுக்கு நம்பர் ஏறியிருக்கா பாரு."

அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தாள். காலுறையை உருவி, என் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தினாள். நகமில்லாத விரலின் மேல் அவள் கட்டைவிரல் ஒரு நிமிடம் நின்றது. அரை நம்பர் என்று சொன்னால் போதும், புதுக் காலணியோடு இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிடலாம்.

"அக்கா" என்றேன்.

"எப்பலேர்ந்துடி?"

"மூணு மாசமா."

தலையாட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஒன்றரை நம்பர், மாஸ்டர்."

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. ஐஸ் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்தச் சின்னதை நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். உள்ளே அப்பாவின் வண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்து, அலமாரியிலிருந்து நீல ஜோடி ஒன்றை எடுத்து என் காலடியில் வைத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நட. வலிக்காது."

போட்டேன். அவள் சொன்ன அளவு சரியாகத்தான் இருந்தது.