ரிஜெக்ட் ஆன ராஜா

போன வாரம் பாகலூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்க்க மகன் என்னைக் கூட்டிப்போனான். வாசல் வளைவில் ‘ராயல் கோர்ட்’ என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்து. அதில் யூ வரவேண்டிய இடத்தில் வி. “இவ்வளவு செலவு பண்ணிட்டு ஸ்பெல்லிங்ல கோட்டை விட்டுட்டாங்க பாரும்மா” என்று சிரித்தான். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, ஆனால் காரணம் வேறு. அவன் உள்ளே போய்ச் சமையலறையை அளந்துகொண்டிருக்க, நான் வாசலிலேயே நின்று வசந்தாவுக்குப் போன் போட்டேன்.

வசந்தாவைச் சொன்னால் வாட்ச் கம்பெனியையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காரப்பேட்டையில் ஜவுளி வியாபாரம் செய்த எங்கள் அத்தா, “பொம்பளப் புள்ளைய ஓசூருக்கா?” என்று முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியில் அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். விடுதியில் என் அறைத்தோழி கல்லாவி ஊர்க்காரி வசந்தா. இருவருக்கும் ஒரே வேலை. கடிகார டயலில் அச்சான எழுத்தைப் பார்த்து, நல்லதைப் பாஸ் செய்து, கோணலை ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். பார்ப்பது ஐகிளாஸ் வழியாக. கண்குழியில் செருகிக்கொள்ளும் சின்னக் கறுப்பு லென்ஸ் அது. நாளெல்லாம் செருகிச் செருகிக் கண்ணைச் சுற்றி வளையம் விழுந்துவிடும். ஊருக்குப் போனால், “யாருடி அடிச்சது?” என்பார்கள்.

திமிரும் இல்லாமல் இல்லை. பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் பொட்டலம் எதைப் பார்த்தாலும் எழுத்தில் குறை கண்டு ‘ரிஜெக்ட்’ என்போம். ஒரு நாள் அது வசந்தாவின் கழுத்துக்கே வந்து சேர்ந்தது.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அம்மாவின் சங்கிலியில் தங்கக் காசு ஒன்று தொங்கும். வீட்டில் அதற்குத் ‘தலைக்காசு’ என்று பெயர். எந்த ஊர் ராஜாவோ, பக்கவாட்டில் பார்க்கும் ஒரு முகம், சுற்றிலும் எழுத்து. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் வசந்தா தூங்குவாளாம். கல்யாணத்துக்கு அது மட்டும் போதும் என்றாள். ஆனால் நகைக்கடைக்காரர் ஒருவர், யாரோ சமீபத்தில் அடித்த போலி, உருக்கித் தோடு செய்யலாம் என்று சொல்லிவிட்டார்.

“பழசுன்னு காட்டு, அப்படியே போட்டுக்க. டூப்ளிகேட்டுன்னா தை பொறந்ததும் உருக்கிடுவேன்” என்று அவள் அம்மா காசைக் கொடுத்தனுப்பினார்.

எங்களிடம் இல்லாத கண்ணா! ஞாயிற்றுக்கிழமை, வெயில் விழுகிற ஜன்னலோரம், ஐகிளாஸும் கையுமாக உட்கார்ந்தோம். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘அவ்க்வ்ஸ்ட்வ்ஸ்’ என்று வந்தது. ஆகஸ்ட் மாதத்துப் பெயர் மாதிரி இருந்தது, ஆனால் யூ வரவேண்டிய இடத்திலெல்லாம் வி! எஸ் பின்னால் சாய்ந்து கிடந்தது. வேறு வழி? “ரிஜெக்ட்” என்றேன். வசந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதமே கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழங்காசுக் கண்காட்சி போட்டார்கள். கடைசியாக ஒரு தடவை தலைக்காசை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமென்று வசந்தாவின் அம்மாவையும் வரச்சொன்னோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோமாபுரிக் காசுகள் வரிசையாக இருந்தன. நாங்கள் ஐகிளாஸைச் செருகிக் குனிந்ததும், காசுகளைக் கொண்டுவந்திருந்த பெங்களூர்க்காரர் பதறிப்போய்க் கன்னடம் கலந்து கேட்டார். “ஏனம்மா, நீவு போலீஸா?”

நாங்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். எழுத்திருந்த ஒவ்வொரு காசிலும் வி. ஒன்றில் எழுத்து ஒல்லியாக, முனையில் புள்ளி வைத்ததுபோல அழகாக இருந்தது. இன்னொன்றில் இடம் போதாமல் எழுத்துகள் இடித்துக்கொண்டு நின்றன. “இது வீட்டுக்குப் போற அவசரத்துல அடிச்சது” என்றாள் வசந்தா. மற்றொன்றில் எழுத்தே இல்லை, எழுத்துபோல வெறும் கோடுகள். “இது ட்ரெய்னி!” என்றேன். யார் யாரோ, எத்தனையோ கைகள். ஆனாலும் யூ ஒன்றில்கூட இல்லை.

வசந்தா சட்டென்று நிமிர்ந்தாள். “ஏண்டி, ஒரு பீஸ்ல இருந்தா டிஃபெக்ட். எல்லா பீஸ்லயும் இருந்தா?”

“டிராயிங்கே அப்படிப் போட்டிருக்காங்க!” என்று நான் போட்ட கூச்சலில் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது.

பெங்களூர்க்காரர் தலைக்காசை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து ரோமாபுரியில் யூ, வி இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்றார். “ஒரிஜினலம்மா, உருக்கிடாதீங்க.” அவர் சொன்னது அம்மாவுக்குப் போதவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்டார்: “இன்னாடி, பாஸா, ரிஜெக்ட்டா?”

“பாஸும்மா!”

“அப்பப் போட்டுக்க. தோடு உஞ்சம்பளத்துல வாங்கிக்க.”

அன்று நாங்கள் மூவரும் தின்ற மாம்பழ ஐஸ்கிரீமின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

என் போனுக்குப் பிறகு, நேற்று வசந்தா வீட்டுக்கு வந்திருந்தாள். கழுத்தில் அதே காசு. தையல் டப்பாவிலிருந்து பழைய ஐகிளாஸைத் தேடி எடுத்தேன். இப்போது டயலையெல்லாம் கேமராவே பார்த்துவிடுகிறதாம். எங்கள் பிரிவே கிடையாதாம். ஐகிளாஸைச் செருகிக் காசைப் பார்த்தால் வெறும் வழவழப்பு. சாய்ந்த எஸ்ஸைக் காணோம், வியைக் காணோம், ராஜாவின் மூக்கு மட்டும் மேடாகத் தெரிந்தது.

“எழுத்தே போயிடுச்சுடி!”

“போவட்டும். உருக்கியிருந்தா ஒரே நாள்ல போயிருக்கும். நான் இத்தினி வருசமா போட்டுத் தேச்சிருக்கேன்” என்றாள்.

அதுவும் சரிதான். ஐகிளாஸை மறுபடி செருகிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத அந்த மஞ்சள் விளிம்பைச் சுற்றி உரக்கப் படித்தேன்: “அவ்க்வ்ஸ்ட்வ்ஸ்!”

“பாஸ்!” என்றாள் வசந்தா.