மச்சாளின் கொலைக் கதைகளும் ஒரு வரி இலக்கமும்

மச்சாள் சொன்ன முதல் கொலை மண்கும்பான் கடற்கரையில் நடந்தது. அப்போது என் அண்ணை பாரிசவாதத்தில் வலப்பக்கம் இழுத்துப்போய், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், புளியங்கூடல் வீட்டின் முன்னறையில் படுத்திருந்தார். தெற்கே ஒரு நகரத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவர் அவர். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் துப்பறியும் நாவல்கள் வாசித்தே பழகியவர். விழுந்த பிறகு புத்தகத்தைப் பிடிக்கக் கையும் இல்லை, வரிகளைத் தொடர்ந்து போகக் கண்ணும் இல்லை. வீட்டிலிருந்த நாவல்களையெல்லாம் அவருடைய மனைவியான மச்சாள் வாசித்துக் காட்டி முடித்துவிட்டார். மறுநாள் பின்னேரம் கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், கையில் புத்தகம் ஏதுமில்லாமலே தொடங்கினார்: "மண்கும்பான் கடற்கரையிலை, விடிய வலை இழுக்கப் போன ஆக்கள் ஒரு பெரிய சூட்கேசைக் கண்டினம்."

நான் அண்ணையின் தங்கை. பக்கத்து வளவில்தான் என் வீடு. வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறேன். அன்று கஞ்சி கொண்டு போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை விரதத்துக்காக, முட்டை பொரித்த சட்டியைக்கூடத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற மச்சாள், சூட்கேசுக்குள் கிடந்த மனிதனின் சட்டைப் பையில் இருந்த தீவுகளுக்கு ஓடும் லோஞ்ச் படகின் ரிக்கெற்றைப் பற்றி நிதானமாக விவரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கதைகளில் துப்பறிகிறவர் பொலிஸ்காரர் அல்ல. ஓய்வு பெற்ற ஒரு பெண் தபாலதிபர். ஊரிலுள்ள கையெழுத்தெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். சந்தேகப்படும் ஆளின் பெயர் வரும்போது அண்ணை இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். பெரும்பாலும் பிழையான ஆளுக்குத்தான் தட்டுவார். "இல்லையப்பா, கொஞ்சம் பொறுங்கோ," என்று மச்சாள் கதையை அப்படியே அடுத்த நாளுக்கு இழுத்து வைப்பார். அண்ணைக்கு அடுத்த நாள் என்று ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க மச்சாளுக்குத் தெரிந்த வழி அதுதான் என்று நான் பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

அண்ணை போன பிறகு மச்சாள் அதிகம் கதைக்கவில்லை. ஆண்டுத் திவசம் முடிந்து சமையல் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

"அவருக்குச் சொன்ன கதையளை எழுதினால் ஆரும் வாசிப்பினமோ?"

"எழுதுங்கோ மச்சாள், நான் புத்தகமாக்கித் தாறன்," என்றேன்.

அச்சிடுவதை நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் அச்சகத்தார் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு இருவரும் வெறுங்கையோடு பஸ் ஏறினோம். அதன் பிறகுதான் மின்னூல் என்ற எண்ணம் வந்தது. மச்சாள் கைபேசியில் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவார். நான் பிழை பார்த்து, அட்டை செய்து, வெளிநாட்டு நிறுவனமொன்றின் விற்பனைத் தளத்தில் ஏற்றினேன். முதல் சில வாரம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நோர்வேயிலிருந்து ஒருவர், அந்தக் கடற்கரையில் தான் சின்ன வயதில் குளித்ததாகவும் இனிமேல் அங்கே தனியாகப் போகப்போவதில்லை என்றும் எழுதியிருந்தார். மச்சாள் அதைப் பலமுறை வாசிக்கச் சொன்னார். ஐரோப்பாவிலும் கனடாவிலும் எங்கள் தீவுச் சனம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வாங்கத் தொடங்கியது.

விற்ற காசு வரவேண்டுமென்றால் வரிப் பக்கத்தை நிரப்ப வேண்டும் என்று அந்த நிறுவனம் எழுதியது. எழுத்தாளர் எந்த நாட்டவர், அவருடைய வரி இலக்கம் என்ன, படைப்பின் உரிமை யாருடையது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். இலக்கம் இல்லாவிட்டால் நிறுவனம் இருக்கும் நாட்டில் நடக்கும் விற்பனையில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட அந்த நாட்டு வரியாகப் போய்விடும். இரண்டு நாடுகளுக்கும் இடையில் ஒப்பந்தம் இருப்பதால் நமது நாட்டு வரி இலக்கத்தைக் காட்டினால் அது நன்றாகக் குறையும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல நாள் எடுத்தது. அதற்கிடையில் ஞாயிறுதோறும் தவறாமல் போன் எடுக்கிற மச்சாளின் தம்பி கனடாவிலிருந்து கதைத்தார்.

"ஏன் அக்கா இந்த அலைச்சல்? புத்தகங்களை என்ரை பேருக்கு மாத்துங்கோ. இங்கை எனக்கு எல்லாம் இருக்கு. மாதா மாதம் நான் உங்களுக்கு அனுப்பிவிடுறன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மச்சாளுக்கு அப்படிப் படவில்லை.

"அதிலை உரிமை ஆருக்கு எண்டு கேக்கிறாங்களாம், தம்பி. உன்ரை பேரைப் போட்டால் அது நீ எழுதினது எண்டாகிடும்."

"பேரிலை என்ன அக்கா கிடக்கு? காசு உங்களுக்குத்தானே வரப்போகுது."

"காசுக்காக இல்லை. இவர் படுக்கையிலை கிடக்கேக்கை நான் சொன்ன கதையளடா. வேறை ஆள் சொன்னது எண்டு என்னாலை எழுத ஏலாது."

"என்னை நம்பேல்லை எண்டு சொல்லுங்கோ," என்று தம்பி வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மச்சாள் கைபேசியைக் குசினிக்குள் மேசையில், கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு சமைத்தார். தானே எடுத்துப் பார்த்தார். மறுமுனையில் மணி அடித்து அடித்து நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தில் தம்பியின் பெயரையே போட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். "அவன் கோவிச்சால் ஒரு நாள் ஆறுவான். இது மாறினால் மாறினதுதான்," என்றார்.

பள்ளி விடுமுறையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்திலுள்ள வரி அலுவலகத்துக்குப் போனோம். மச்சாள் கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார். அங்கிருந்த இளம் பெண் அலுவலர் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே தொழில் என்னவென்று கேட்டாள்.

"கொலைக் கதை எழுதிறனான்," என்றார் மச்சாள்.

அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, இந்த அளவு வருமானத்துக்கு இங்கே வரி கட்டத் தேவை வராது, இலக்கம் மட்டும் எடுத்து வைத்தால் போதும் என்று விளக்கினாள். "அப்ப நான் ஒண்டும் கட்டத் தேவையில்லையோ?" என்று மச்சாள் மறுபடி கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. கட்டுகிற அளவுக்கு எழுதுங்கோ அம்மா என்று அலுவலர் சிரித்தாள்.

இலக்கம் கிடைத்தது. ஆனால் நிறுவனம் தபாலில் அனுப்பிய காசோலையை வங்கியில் எடுக்கவில்லை. வெளிநாட்டுக் காசோலைகளை இப்போது மாற்றுவதில்லை என்றார்கள். இடையில் நின்று பணம் மாற்றிவிடும் ஒரு சேவையில் மச்சாளைப் பதிந்தேன். அங்கிருந்து வந்த பணம் வங்கி வாசல்வரை வந்து திரும்பிப் போனது. வங்கிப் புத்தகத்தில் அவருடைய பெயருக்கு முன்னால் அண்ணையின் பெயர் இருந்தது. அடையாள அட்டையில் தகப்பனாரின் பெயர். போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்து வித்தியாசம். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கப் போனோம். அவர் எல்லாவற்றையும் உரக்க வாசித்துவிட்டு, இந்த இரண்டு பேரும் ஒருவர்தானா என்று முறைப்படி கேட்டார். "ஓம் ஐயா. எழுதிறதும் நான்தான்," என்றார் மச்சாள். எழுதுவது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

பணம் வந்த செய்தி ஒரு மத்தியானம் கைபேசியில் விழுந்தது. நாங்கள் அலைந்த அலைச்சலுக்கு அது ஈடாகாது. மச்சாள் கைபேசியை அண்ணையின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சோறு போடப் போனார். அந்த வாரமே அடுத்த கதையைத் தட்டத் தொடங்கினார். நயினாதீவு லோஞ்சில் ஏறும்போது உயிரோடு இருந்தவன் இறங்கும்போது இறந்திருக்கிற கதை அது. அண்ணை கேட்டிராத முதல் கதையும் அதுதான். இடையிடையே நிறுத்தி, "இதிலை அவர் ஆருக்குத் தட்டியிருப்பார், சொல்லும் பாப்பம்?" என்று என்னைக் கேட்பார்.

அந்தக் கதை வெளிவந்து சில நாளில், ஞாயிறு இல்லாத ஒரு நாளில், தம்பி எடுத்தார். சுகம் கேட்கவில்லை, பழைய கோபத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, அந்த லோஞ்சிலை அவனைக் கொலை செய்தது ஆர்? பாதிதான் வாசிச்சனான். எனக்கு விடிய வேலை, நித்திரை வருதில்லை. சொல்லுங்கோவன்."

மச்சாள் உள்ளிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார்.

"நீ வாங்கினனியோ, இல்லாட்டி ஆரும் அனுப்பினதோ?"

"வாங்கினனான் அக்கா."

"அப்ப கடைசிவரைக்கும் வாசி," என்றார். அதற்குப் பிறகு இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். நான் உள்ளியை உரித்து முடித்தேன்.

மச்சாள் போன வருடம் காலமானார். சிறு காய்ச்சல் என்று ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனோம். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. புத்தகங்களின் உரிமையை எனக்கு எழுதி வைத்திருந்தார். இப்போது அந்த வரிப் பக்கத்தில் என் பெயரும் என் இலக்கமும் இருக்கின்றன. அட்டையில் அவருடைய பெயர் இருக்கிறது. தெரியாத ஊர்களிலிருந்து வாசகர்கள் இன்னமும் எழுதுகிறார்கள். தபாலதிபர் அம்மா அடுத்து எங்கே வருவார் என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் நான் பல நாள் அப்படியே விட்டுவிடுகிறேன்.

செத்தவீட்டுக்கு வந்த தம்பி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நின்றார். புறப்படுவதற்கு முன், புத்தகக் காசு வருகிற கணக்கை என் பெயருக்கு மாற்ற என்னோடு வங்கிக்கு வந்தார். வெயிலில் சிவந்த முகத்தோடு வரிசையில் நின்றார். எங்கள் முறை வந்ததும் அலுவலர் என் பத்திரங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "ஐயா ஆர்?" என்று கேட்டார். நான் வாயெடுக்குமுன் அவரே சொன்னார்.

"நான் எழுத்தாளரின்ரை தம்பி."