இரண்டு ரேஷன் கார்டு, ஒரே குடும்பம்

போன வருடம் கனடா குடியேற்றத் துறையிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் என் உறக்கத்தைப் பறித்துவிட்டது. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் உண்மையாகவே கணவன் மனைவியாக வாழ்ந்தோமா என்று அதில் சந்தேகம் எழுப்பியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஆதாரம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி.

பிரியமான சகோதர சகோதரிகளே, நான் கூட்டத்தில் எழுந்து பேசத் தெரியாதவன். அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் லாரிகளை வரிசையாக உள்ளே அனுப்புவது என் வேலை. ஸ்டெல்லா ஐந்து வருடங்களுக்கு முன் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்காகக் கனடா போனாள். அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும், முதல் காரியமாக என்னை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். கல்யாணச் சான்றிதழ் இருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தோம்.

போதவில்லை. என் பெயர் கல்மண்டபத்தில் என் அம்மாவின் ரேஷன் கார்டிலேயே இருந்தது. அவள் பெயர் திருவொற்றியூரில் அவள் அப்பாவின் கார்டில். பெயரை எடுத்தால் பெரியவர்களுக்கு வரும் அரிசி குறையுமே என்று நாங்கள் மாற்றவில்லை. எங்கள் பக்கம் பலர் அப்படித்தான். பாஸ்போர்ட்டும் அந்தந்த விலாசத்திலேயே எடுத்தோம். நாங்கள் குடும்பம் நடத்தியதோ சடையங்குப்பத்தில், வாடகை வீட்டில். ஆனால் காகிதத்தைப் பார்த்தால் ஒரு நாள்கூட ஒரே வீட்டில் இருந்ததாகத் தெரியாது. கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிப் போனது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

ஸ்டெல்லா போனில் அழுதாள். "அத்தினி வருசம் ஒண்ணா வாழ்ந்ததுக்கு இன்னாங்க சாட்சி கீது நம்மகிட்ட?" என்று கேட்டாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே யார்டில் கூட வேலை செய்யும் ஒருவர், "மாமு, உன் வூட்டுக்காரம்மா அங்கயே செட்டிலாயிட்டாங்க. நீ இங்க லாரி எண்ணிகினு இரு" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். தெரிந்தால் இன்னும் பேசுவார்கள் என்று பயம். வேலைக்குப் போகும் வழியில் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து ஜெபிப்பேன். "ஆண்டவரே, நாங்கள் வாழ்ந்ததைப் பார்த்தவர் நீர் ஒருவர்தான். நீரே எங்களுக்காகப் பேசும்" என்பேன். நாட்கள்தான் போயின.

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபம் காசிமேட்டில் மீன் விற்கும் ரோசம்மா அக்கா வீட்டில் நடக்கும். அன்று எல்லோரும் கிளம்பிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அக்கா டீ கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா பிரதர், மூஞ்சி பேஜாரா கீது?"

"ஒண்ணுமில்லக்கா. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட சொல்லிட்ட, சரி. எங்ககிட்ட யார் சொல்லுவா? அவரே வந்து சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்து பீரோவைத் திறந்து மூத்த மகளின் கல்யாண ஆல்பத்தை எடுத்தார். பந்தியில் நான் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து கேமரா பக்கம் இழுக்கிறாள். அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. "இத்தப் பாத்துமா புருசன் பொண்டாட்டி இல்லன்னுவாங்க?" என்றார் அக்கா.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் அவரவர் வீட்டு ஆல்பங்களோடு வந்தார்கள். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை ஜெபம். எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். எங்களைத் தெரியும் என்று பலர் கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள்.

சடையங்குப்பத்தில் பக்கத்து வீட்டிலிருந்த பஷீர் பாய் இப்போது மாதவரத்தில் இருக்கிறார். அக்கா சொல்லித்தான் அவரைத் தேடிப் போனேன். வெள்ளத்தின்போது அவர் வீட்டு மொட்டைமாடியில்தான் நாங்கள் தங்கியிருந்தோம். அவர் தன் பழைய போனைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டார். அதில் இருந்த ஒரு படத்தில் நானும் ஸ்டெல்லாவும் ஒரே தார்ப்பாய்க்குள், ஒரே தட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆல்பத்தைக் கொண்டுபோன அதே மழை. "நான் துவா செய்றேன், நீங்க ஜெபம் பண்ணுங்க. எது மொதல்ல போய்ச் சேருதோ பாக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அவரும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

எங்களைப் பார்த்தவர் தாம் ஒருவர் மட்டுமல்ல என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார். கெடு முடிவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தது. சில மாதங்கள் கழித்து அனுமதி வந்தது. உடனே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இருங்க, கடை மூடறதுக்குள்ள போய் இன்னொரு தலகாணி வாங்கியாந்துடறேன்" என்றாள்.

அடுத்த வாரம் புறப்படுகிறேன். இப்போதெல்லாம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டால் வாய் திறந்து சொல்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது தூர தேசத்தில் இருக்கும் துணைக்காகக் காத்திருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் சொல்லுங்கள். அவர் வீட்டுப் பீரோவில் ஆண்டவர் உங்களுக்காக எதை வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.