டில்லி கேட்டின் நான்காவது படி

பெற்றவர்கள் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பார்கள் என்று சொல்வார்களே, அதில் சுண்ணாம்புக் கண் நான்தான் என்பதில் எட்டு வயதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆம்பூரில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சிறியதாக ஒரு தோல் ஷாப்பு இருந்தது. ஆட்டுத்தோலை முடி கழிய ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டிகள் அங்கே வரிசையாக இருக்கும். அத்தனையும் எனக்கென்றே கரைத்து வைத்தது என்று நினைத்துக்கொள்வேன். வெண்ணெய் முழுக்க அக்காவுக்கு.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தம்பி பிறந்து, மூன்று வயதில் வாந்திபேதியில் போய்விட்டான். அக்காவுக்குத்தான் அவன் தம்பி, எனக்கு அண்ணன். அவனை நான் பார்த்ததில்லை. அதனால் என் பொறாமையில் பங்கு கேட்க ஆளில்லாமல் மொத்தமும் அக்கா தலையில் விடிந்தது.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே அழைத்து வந்துவிட்டார்கள். பின்கட்டு அறையில் புதுப்பாய் விரித்து உட்காரவைத்தார்கள். காலையில் முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. உறவுக்காரப் பெண்கள் தட்டில் பழம் கொண்டுவந்தார்கள்; அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எனக்கு வழக்கம்போலக் கேழ்வரகுக் கூழ். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு அக்கா பெரியவளாகிவிட்டாள் என்றார்கள். அவள் எப்போதுதான் சின்னவளாக இருந்தாள்? அந்த ஒரு குற்றத்தைத்தானே நான் பிறந்தது முதல் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று வயிறு எரிந்தது.

இது போதாதென்று வெள்ளை மல்லுத் துணி வாங்கி வந்தார்கள். அம்மா நான்கு நாள் உட்கார்ந்து ஓரம் மடித்து அக்காவுக்கு ஒரு துப்பட்டி தைத்தாள். அம்மா வெளியே போகும்போது தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்வாளே, அதே மாதிரி. புதுத்துணி மணக்க மணக்க அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு ஒரு முழம் நாடாகூடக் கிடையாது.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. அத்தா அக்காவைக் கூப்பிட்டு, எங்கே போக ஆசை, எதைப் பார்க்க ஆசை என்று கேட்டார். கேட்டது அத்தா! பக்ரீத் பண்டிகைக்கு என்ன நிறத்தில் பாவாடை வேண்டும் என்றுகூட என்னைக் கேட்காதவர். அக்கா வேலூர்க் கோட்டை என்றாள். பிறகு, ஆற்காட்டு டில்லி கேட்டின் உச்சியில் ஏறிப் பாலாற்றைப் பார்க்கவேண்டும் என்றாள். அவளுடைய டீச்சரம்மா ஒருமுறை அங்கே ஏறிவிட்டு வந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆறு தெரிகிறது என்று வகுப்பில் சொன்னாராம். அன்றிலிருந்து சிலேட்டில் அந்த வாசலைப் படம் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தவள் அவள்.

அம்மா சம்மதிக்கவில்லை. இந்தச் சமயத்தில் பெண்ணை ஊர்சுற்ற அழைத்துப்போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்று முனகினாள். அத்தா குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

"ஒரே ஒரு நாள். அப்புறம் நீ சொல்ற மாதிரியே இருக்கட்டும்."

எனக்கு அந்த 'ஒரு நாள்' மட்டும்தான் காதில் விழுந்தது. நான் அழுது, உருண்டு, சோற்றுத் தட்டைத் தள்ளி, என்னையும் ஏற்றிக்கொள்ளவேண்டும் என்று சாதித்துக்கொண்டேன். அம்மா வரவில்லை. அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது வேலூர். கோட்டையை ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

வியாபாரத் தோஸ்து ஒருவரிடம் இரவல் கேட்டு அத்தா ஒரு பிளஷர் கார் கொண்டுவந்திருந்தார். அந்தக் காலத்தில் மோட்டாரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் வீட்டுப் பெண்கள் ஏறினால் ஜன்னலுக்கு ஜன்னல் திரை கட்டுவது வழக்கம். டிரைவர் திரையை அவிழ்த்துவிடப் போனார். வேண்டாம், சுருட்டியே இருக்கட்டும் என்றார் அத்தா. ஜன்னலோரம் அக்கா. நடுவில் நான், மடியில் சோற்றுத் தூக்கு. காற்று முழுக்க அவளுக்கு, குழம்பு வாசனை முழுக்க எனக்கு.

வேலூரில் எங்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்ட ஒரு முன்ஷியை அத்தா ஏற்பாடு செய்திருந்தார். ரயிலில் வந்து இறங்கும் துரைமார்களுக்குக் கோட்டை காட்டிப் பழகியவர். பாரசீக எழுத்தெல்லாம் படிப்பார். அன்றைக்கு முழுக்க அவர் எங்களுக்கு மட்டும். அதிலும் ஓரவஞ்சனை. அவர் அக்காவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை; அவள் பக்கம் திரும்பவே இல்லை. எதைச் சொன்னாலும் சுவரைப் பார்த்து அத்தாவிடம் சொல்வார், அத்தா அதை அக்காவிடம் சொல்வார். சுல்தான் தர்பாரில் ராணியிடம்தான் இப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என்னிடம் மட்டும் நேருக்கு நேர்: "ஏ குட்டி, அகழிகிட்ட போவாத, முதல இருக்குது."

அகழியைத் தாண்டி உள்ளே போனோம். சாமி இல்லாத கோயிலில், மண்டபத்துக் கூரையில் தலைகீழாகத் தொங்கும் கல்லுக் கிளிகளைக் காட்டினார். அக்கா கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் இரண்டு ஆண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் தூணிலிருந்த குதிரையின் காலைத் தடவியதற்கு ஒரு அதட்டல் கிடைத்தது.

பிறகு மகால்களுக்குப் போனோம். உள்ளே விடவில்லை. மைசூர் சுல்தான் செத்த பிறகு அவர் வீட்டுப் பெண்களையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து இங்கேதான் வைத்திருந்தான் என்று முன்ஷி சுவரிடம் சொன்னார். அத்தா அதைத் திருப்பிச் சொல்வதற்குள் அக்கா மெல்லக் கேட்டாள்.

"அவுங்க அப்புறம் வெளிய வரவே இல்லியா அத்தா?"

அத்தா கேள்வியை முன்ஷியிடம் சேர்க்கவில்லை. முன்ஷிக்குக் காது கேட்காமலா இருக்கும்? மேல் மாடத்தில் நின்று அகழியைப் பார்ப்பார்களாம், அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள் என்று செங்கல்லைப் பார்த்தபடி சொல்லிவிட்டுச் செருமினார். அத்தா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்துவிட்டார். ஒரு சாதாரணக் கேள்வி கேட்டதற்கு இத்தனை மரியாதை. நான் கேட்டிருந்தால் வாயை மூடு என்றிருப்பார்கள்.

கோட்டை வாசல் மர நிழலில் சாப்பிட்டுவிட்டு, முன்ஷியையும் ஏற்றிக்கொண்டு ஆற்காட்டுக்குக் கிளம்பினோம். மேல்விஷாரம் தாண்டும்போது தோல் ஷாப்புகளின் நாற்றத்துக்கு முன்ஷி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கு அது சோறு போடுகிற வாசனை. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அன்று நாங்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஆற்காட்டில் அத்தா மக்கன் பேடா வாங்கினார். ஜீராவில் ஊறி, உள்ளே பாதாமும் பிஸ்தாவும் வைத்துத் தளதளவென்று இருக்கும். அக்காவுக்கு மூன்று, எனக்கு இரண்டு. அக்கா தன்னுடையதில் ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தாள். என்னமோ பெரிய தர்மப் பிரபு என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

டில்லி கேட்டு ஆற்றங்கரையில் தனியாக நின்றது. அதைச் சுற்றியிருந்த கோட்டை எப்போதோ மண்ணாகிவிட்டது. மிச்சம் இருந்தது வாசல் மட்டும். ஒரு பக்கத்தில் குறுகலாகப் படிகள் மேலே போயின. உச்சியில் நாலைந்து வெட்டிப் பயல்கள் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தா டிரைவரை மேலே அனுப்பினார். அவர் ஏறிப் பயல்களை இறக்கிவிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, இப்போது யாருமில்லை, வரலாம் என்று கையசைத்துவிட்டு இறங்கி வந்தார். இத்தனை பெரிய வாசலின் உச்சியை எங்கள் அக்கா ஒருத்திக்காகக் காலி செய்துவிட்டார்கள்! நானும் ஓடினேன். அத்தா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ கீழ நில்லு. படி செங்குத்தா இருக்குது. நீ எப்ப வேணா ஏறிக்கலாம்."

எனக்கு எங்கே எரியவேண்டுமோ அங்கே எரிந்தது. அக்கா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். இரண்டு, மூன்று. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அதை மட்டும் என்னால் தாங்கமுடியவில்லை. நான்காவது படியில் அவள் கால் படும்போது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன்.

"அத்தா, வயிறு வலிக்குது. பேதியாட்டம் இருக்குது."

அண்ணன் போனதிலிருந்து அது எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை. அதைக் கேட்டால் அத்தா முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இன்றைக்கும் யாராவது, குழந்தைதானே, தெரியாமல் செய்திருக்கும் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அத்தா என்னை வாரி எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் விலாவில் தெரிந்தது. ஓடிக்கொண்டே அக்காவை இறங்கி வரச் சொன்னார்.

அத்தாவின் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். அக்கா நான்காவது படியிலேயே நின்றாள். அண்ணாந்து மீதிப் படிகளை ஒருமுறை பார்த்தாள். ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கலாம், எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவள் அப்படிச் செய்யவில்லை. இறங்கி வந்துவிட்டாள்.

முன்ஷியை வேலூரில் இறக்கிவிட்டோம். அங்கே டிரைவர் திரைகளை அவிழ்த்துவிட்டார். இந்தத் தடவை அத்தா தடுக்கவில்லை. இருட்டாகிவிட்ட காருக்குள் அக்கா என் தலையை மடியில் வைத்து, ஆம்பூர் வரைக்கும் என் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் குனிந்து, அத்தாவுக்குக் கேட்காமல், நிஜமாகவே வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குது. அதுக்குள்ள ஒரு தரம் மேல ஏறிப் பாத்துடு, இன்னா?"

எனக்குக் கிடைப்பது உனக்குக் கிடைக்க நாலு வருஷம் ஆகும் என்று குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் ஏறினேன். பத்து வயதில், அத்தாவோடு. திரும்பும் வழியில் அக்கா வீட்டுக்குள் ஓடிப்போய், மேலே ஒரு மண்ணும் இல்லை, வெறும் மணல்தான் தெரிகிறது என்று சொன்னேன். அதற்குள் அக்கா கல்யாணமாகி மேல்விஷாரத்தில் இருந்தாள். அங்கிருந்து டில்லி கேட்டு மூன்றே மைல். கல்யாணம் காரியம் என்று எத்தனையோ தடவை அதைக் கடந்துபோயிருக்கிறாள், திரைபோட்ட வண்டியில். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மணல் எவ்வளவு தூரத்துக்குத் தெரிந்தது என்று மட்டும் கேட்டாள். நான் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தப் பயணத்துக்கு மறுநாள் காலையில் என் வயிற்றுவலி சுத்தமாகப் போய்விட்டிருந்தது. நடையில் அம்மா பெட்டியைத் திறந்து புதுத் துப்பட்டியை எடுத்து அக்காவுக்குப் போர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் வாசல் தாண்டுவதென்றால் இது இல்லாமல் கூடாது என்று சொல்லிக்கொண்டே நெற்றி மடிப்பைச் சரிசெய்தாள். வெள்ளை வெளேரென்று அக்கா நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பழையபடி பற்றிக்கொண்டது. எனக்கும் வேண்டும் என்று தரையில் விழுந்து புரண்டேன். அம்மா என்றைக்கும் இல்லாத வேகத்தில் என் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அடித்தவள் எதற்கு அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா துப்பட்டியைக் கழற்றி என் தலைமேல் போட்டாள். முகத்தைச் சுற்றி நன்றாக இழுத்துவிட்டாள். தரையில் புரண்ட மிச்சத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நீயே வச்சுக்க. எனக்கு இன்னா அவசரம்?"

சண்டை போடாமல், பிடுங்காமல், அவளுடைய துணி ஒன்று முழுசாக என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று பொழுது சாயும்வரை அதைக் கழற்றாமல், கால் தடுக்கத் தடுக்க, அவள் கண்ணில் படும்படி வீடு முழுக்க நடந்தேன்.